இங்கிலாந்தில் வீட்டுக்குப் புது ஜன்னல் வைக்கப் போகிறீர்களா?

லண்டன் பக்கம் பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள் பலருக்கு முதலில் உறுத்துவது மாடிப்படியின் இருட்டு. பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துவிடலாம் என்று தோன்றும், பில்டரும் "சின்ன வேலைதான், கவுன்சிலுக்குப் போக வேண்டாம்" என்பார் (கவுன்சில் என்றால் நம் ஊர் நகராட்சி மாதிரி). அவர் சொல்வது பல நேரம் சரிதான், ஆனால் எந்தச் சுவர், எந்த மாடி என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

வரிசையாக ஒட்டிய டெரஸ் வீடோ, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய செமி வீடோ, வீடாக இருந்தால் 2015ஆம் வருடக் கட்டுமான அனுமதி ஆணைப்படி கீழ்த்தளத்தில் ஜன்னல் வைக்கத் தனியாக பிளானிங் பெர்மிஷன், அதாவது கவுன்சிலின் கட்டுமான அனுமதி, வேண்டாம், பார்வைக்கு வீட்டோடு ஒத்துப்போனால் போதும். ஃபிளாட்டுக்கு இந்த உரிமை கிடையாது. சில தெருக்களில் கவுன்சில் இதை எடுத்துவிட்டிருக்கும், புதிய குடியிருப்பு எஸ்டேட்டுகளில் முதல் அனுமதியிலேயே தடை எழுதியிருப்பார்கள். அதனால் வீட்டின் பழைய பிளானிங் கோப்பைக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். லிஸ்டட் கட்டடம் (பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படுவது) என்றால் அனுமதி இல்லாமல் கை வைப்பதே குற்றம்.

சண்டை வருவது மேல்மாடியின் பக்கச் சுவரில்தான். அங்கே வைக்கும் ஜன்னலுக்கு உள்ளே தெரியாத மங்கல் கண்ணாடி போட வேண்டும். அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே எந்தப் பகுதியும் திறக்கக்கூடாது. மாடிப்படி என்றால் ஜன்னலின் நடுவுக்கு நேர் கீழே இருக்கும் படியிலிருந்து அளக்க வேண்டும், இதைப் பலர் தவறாக அளக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடி இதற்குச் செல்லாது. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் நம் பார்வை போகக்கூடாது இல்லையா?

சந்தேகம் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே, இது சட்டப்படி சரி என்று கவுன்சிலிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கட்டணம் வழக்கமான விண்ணப்பத்தில் பாதிதான்.

சரி, போட்ட பிறகு யாரோ புகார் கொடுத்துக் கடிதம் வந்துவிட்டது. தயவுசெய்து அதை டிராயரில் போட்டு மூடாதீர்கள். விவரம் கேட்டு முறையான நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 21 நாள் உண்டு. அதிகாரியை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள், கண்ணாடியை மாற்றினால் முடியுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே முடிந்த வேலைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். நடவடிக்கை எடுப்பதா வேண்டாமா என்பது கவுன்சிலின் முடிவு, பேசினால் பல நேரம் வழி பிறக்கும். விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க நோட்டீஸ் வந்துவிட்டாலோ அது நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும், ஒரு நாள் தவறினாலும் போச்சு. அதற்குப் பிறகும் கீழ்ப்படியாமல் இருந்தால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. "நாலு வருஷம் தாண்டினால் கவலை இல்லை" என்பது பழைய கணக்கு, 2024 ஏப்ரல் 25 அன்றோ அதற்குப் பிறகோ முடிந்த வேலைகள் மீது கவுன்சில் 10 வருடம் வரை நடவடிக்கை எடுக்கலாம்.

அப்புறம் பில்டிங் கன்ட்ரோல், அதாவது கட்டுமானம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. இது பிளானிங்கிலிருந்து வேறு. சுவரைப் புதிதாக உடைத்தால் மேலே சுமை தாங்கும் லிண்டல் வர வேண்டும், மனை எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் தீ விதிப்படி ஜன்னலின் அளவு சுருங்கும். வேலை முடிந்ததும் அவர்கள் தரும் சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வக்கீல்) அதைக் கேட்பார்.