கார் ஷெட் புகை படுக்கையறைக்கு ஏறாமல் தடுப்பது எப்படி? (மலை வீடுகளுக்கு மட்டும்)

குன்னூர், கோத்தகிரி பக்கம் அடிக்கடி பார்க்கிற அமைப்புதான். சரிவை வெட்டி ரோடு மட்டத்தில் கார் ஷெட், அதன் தலைக்கு மேல் படுக்கையறை, ஷெட்டுக்குள்ளிருந்தே மேலே ஏற ஒரு படிக்கட்டு. எங்கள் வீடும் அப்படித்தான். மழையில் நனையாமல் வீட்டுக்குள் போய்விடலாம். ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பினால் மேலே கம்பளி வரைக்கும் புகை வாடை.

வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிறமோ வாடையோ இல்லாத கார்பன் மோனாக்சைடுதான் பயம். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனே கடற்கரை ஊரைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இந்த வாயுவால் தலைவலி, குமட்டல், அசதி வந்தால் “குளிர் ஒத்துக்கல” என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிடுவோம். பெட்ரோல் ஆவியில் பென்சீனும் உண்டு, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குளிர் காலத்தில் வீடே ஷெட்டின் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்கு வழியாக வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று வரும். கீழே இருப்பது கார் ஷெட். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகமாக இழுக்கும். சமவெளி வீட்டுக்குச் சொல்லும் யோசனைகள் இங்கே பாதிதான் பலிக்கும்.

படி 1: ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ஊதுபத்தி போதும். ஆனால் நேரம் முக்கியம். மத்தியானம் வெயிலில் பார்த்தால் புகை நேராக நிற்கும், ஒன்றும் தெரியாது. விடியற்காலையில், உறைபனி விழும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஜன்னல்களை அடைத்துவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பாருங்கள். முந்தின நாளே வண்டியையும் பெட்ரோல் கேனையும் வெளியே எடுத்து, ஷெட்டைக் காற்றாட விட்டிருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பு கூடவே கூடாது. பத்தியை வீட்டுப் பக்கம் நின்றுதான் பிடிக்க வேண்டும். புகை உங்கள் பக்கம் சாய்ந்தால் அந்த இடுக்கு வழியாக ஷெட் காற்று வருகிறது. சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

படி 2: கதவு

ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கும் அதன் நிலைக்கும் நடுவே ரப்பர் பட்டை, கதவின் அடியில் ஒரு சீல், தானாக மூட ஒரு டோர் குளோசர். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஃபோம் டேப்பாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள், நம் ஊர் மூடுபனியில் ஈரம் குடித்துத் தொங்கிவிடும். ‘டி’ வடிவ ஈபிடிஎம் ரப்பர் பட்டை விலை கொஞ்சம் கூட, ஆனால் நிற்கும். தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டைக்குப் பியூ ஃபோம் (அடித்ததும் உப்பி இறுகும் நுரை) அடிக்கலாம். வெறும் ஃபோமை எலி கடித்துவிடும் என்பதால் உள்ளே முதலில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரைத் திணித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சுவிட்ச் போர்டு

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கதவை அடைத்தாயிற்று, குழாய் ஓட்டையை அடைத்தாயிற்று, வாடை மட்டும் நிற்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் இருந்த சுவிட்ச் போர்டு பக்கம் ஒரு நாள் பத்தியைக் கொண்டுபோனால், பிளக் ஓட்டையிலிருந்து யாரோ ஊதுவதுபோல் புகை என் முகத்துக்கு வந்தது. ரோடு மட்டத்தில் இருப்பதால் இபி மீட்டரும் மெயின் போர்டும் ஷெட்டில்தான் இருக்கும். அங்கிருந்து சுவருக்குள் போகும் பிவிசி பைப்பைப் பற்றி எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். “அக்கா, அது நேரா உங்க பெட்ரூம் போர்டுக்குத்தான் போகுது.” ஒயர் போனது போக மீதி இடம் முழுக்கக் காற்று வரும் வழி.

மெயினை அணைத்துவிட்டு, ஷெட் பக்கத்து போர்டைக் கழற்றி, ஒவ்வொரு பைப் வாயையும் டக்ட் சீல் புட்டியால் அடைக்க வேண்டும். பிசைந்த மைதா மாவு மாதிரி இருக்கும், காய்ந்து இறுகாது, நாளைக்கு ஒயர் மாற்ற வேண்டுமென்றால் கையாலேயே எடுத்துவிடலாம். இங்கே மட்டும் பியூ ஃபோம் அடிக்காதீர்கள். ஒயரை அசைக்க முடியாமல் போகும், தீப்பிடிக்கவும் செய்யும். மேலே படுக்கையறைப் பக்கத்துப் பைப் வாயையும் அடைத்துவிடுங்கள். இந்த வேலையை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்வதே நல்லது, மீட்டர் பெட்டியின் சீலைத் தொடவே வேண்டாம்.

வெள்ளைக்காரன் காலத்து பங்களா என்றால் ஒரு வேலை கூடுதல். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் ஒரே தகரக் கூரை, அதன் அடியில் மரப்பலகை சீலிங் என்று இருக்கும். நடுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிடும், அதற்கு மேலே இரண்டும் ஒரே வெளி. சுவரைக் கூரை வரை ஏற்றாமல் வேறு எதை அடைத்தும் பயனில்லை.

படி 4: எக்ஸாஸ்ட் ஃபேன்

ஷெட்டின் வெளிச்சுவரில், கூரையை ஒட்டி ஒன்று. உயரத்தில் வைக்கக் காரணம் உண்டு: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மோட்டார் பொறி அதன் பக்கம் போகக் கூடாது. டைமர் சுவிட்ச் வாங்குங்கள், இல்லாவிட்டால் அணைக்க மறந்து, பிறகு போடவே மறந்துவிடுவோம். வண்டி வந்து நின்ற பிறகும் அரை மணி நேரம் ஓடட்டும். சூடான இன்ஜினிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டே இருக்கும்.

படி 5: பழக்கம்

குளிர்ந்த இன்ஜின்தான் அதிகம் நஞ்சு கக்கும், புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறும்வரை வேலை செய்யாது. ஷெட்டுக்குள் வண்டியைச் சூடேற்றும் வழக்கத்தை விடுங்கள். கிளப்பினதும் வெளியே எடுங்கள், மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும். சைலன்சர் ஷட்டரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். புல் வெட்டும் மெஷின், பெட்ரோல் கேன் எல்லாம் வீட்டோடு ஒட்டாத தனி இடத்துக்கு.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஷெட்டில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷட்டர் திறந்திருந்தாலும் கூடாது. ஒரு சின்ன ஜெனரேட்டர் பல கார்கள் விடும் கார்பன் மோனாக்சைடைத் தனியாக விடும்.

படி 6: அலாரம்

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். கேஸ் லீக் அலாரம் வேறு, காற்றில் உள்ள நுண்தூசியை (பிஎம் 2.5) காட்டும் பெட்டி வேறு, இரண்டுக்கும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கான தர எண் ‘ஈஎன் 50291’ அல்லது ‘யூஎல் 2034’ என்று போட்டிருக்கிறதா, எலக்ட்ரோகெமிக்கல் சென்சாரா என்று பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். இதற்குக் காசு கணக்குப் பார்க்காதீர்கள். அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாசகர்கள் கேட்டதற்காகச் சேர்த்தவை

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: “ஷட்டரை அரை மணி நேரம் திறந்து வைத்தால் போதாதா? ஃபேன் எதற்கு?” பகலில் சரி. ராத்திரி கரடி வருகிற ஊரில் யார் திறந்து வைப்பது? ஃபேனுக்கும், கீழே காற்று வர விடும் ஜன்னலுக்கும் குரங்கு பிய்க்க முடியாத கனமான வெல்ட் மெஷ் போடுங்கள்.

கொடைக்கானலில் ஒருவர், எல்லாம் அடைத்த பிறகும் அலாரம் அடிக்கிறது என்றார். விசாரித்தால் ராத்திரி அறைக்குள் கரி கணப்பு வைக்கிறார்களாம். அதற்கும் ஷெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூடிய அறையில் கரி நெருப்பு ஆளையே கொல்லும், ஷெட் பக்கத்து இடுக்குகளை அடைத்த வீட்டில் இன்னும் சீக்கிரம். கணப்பை அறையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். நான் அடைக்கச் சொன்னது ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும், ஜன்னலை அல்ல.

விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் நிமிடத்துக்கு ஒரு முறை ‘கீச்’ என்று ஒற்றையாகக் கத்தினால் பெரும்பாலும் பேட்டரி, குளிரில் அதன் வோல்டேஜ் இறங்கிவிடும். வாயு இருந்தால் பல கருவிகள் நான்கு நான்காகக் கத்தும். உங்களுடையது எப்படி என்று கூட வரும் தாளில் பார்த்து, அலாரத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.