இரண்டு வயதுக்காரனோடு டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 'ஆறு மணி நேரம்தான்' என்று எல்லோரும் சொல்வார்கள். காரில் சின்னக் குழந்தை இல்லாதவர்களின் கணக்கு அது. எங்கள் முதல் பயணத்துக்குப் பதினொரு மணி நேரம் ஆனது. காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்தரைக்குக் கிளம்பினோம். பீட்டர்மரிட்ஸ்பர்க் வருமுன்பே பையன் வாந்தி எடுத்தான், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மேல். அவனுக்கு நான்கு செட் மாற்றுடை எடுத்து வைத்திருந்தேன், எனக்கு ஒன்றுகூட இல்லை. புளித்த பால் வாடையோடு மீதி 490 கிலோமீட்டர் போனோம். ராத்திரி ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியபோது அக்கா என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் நான்கு தடவை போய்விட்டு வந்தாயிற்று. பையனுக்கு இப்போது இரண்டு வயது ஏழு மாதம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், குழந்தையின் தூக்கத்தை வைத்துப் போடுங்கள். என்3 நெடுஞ்சாலையில் மொத்தம் சுமார் 570 கிலோமீட்டர். இதில் குழந்தை தூங்கும் நேரத்தில்தான் கார் உருப்படியாக ஓடும். மற்ற நேரமெல்லாம் பாட்டு, பழம், அழுகை, நிறுத்தம் என்றுதான் போகும்.

எங்கள் பையன் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தூங்குவான். அதிகாலையில் தூக்கிக் காரில் போட்டால் விட்ட தூக்கத்தைத் தொடர்வான். ஆக, கோடையில் நாலு மணிக்குக் கிளம்புகிறோம். டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதனால் இருட்டில் ஓட்டுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூன், ஜூலையில் இதே கணக்கு ஒத்துவராது. சூரியன் வருவதற்கே ஏழு மணி ஆகிவிடும். இருட்டு, மூடுபனி, லாரிகள் மூன்றும் சேர்ந்த சாலையில் குழந்தையோடு போக எனக்குத் துணிச்சல் இல்லை. குளிர்காலத்தில் நன்றாக விடிந்தபின் ஏழரைக்குக் கிளம்பி, மதியத் தூக்கத்தை நம்புகிறோம்.

கோடையில் சீக்கிரம் கிளம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கமும் அதற்கு மேலேயும் பிற்பகலில் இடிமழை சாதாரணம், சில நாள் ஆலங்கட்டியும் விழும். இரண்டு மணிக்குள் ஹாரிஸ்மித் போய்ச் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஆமாம், ஹாரிஸ்மித்தில் ராத் தங்குகிறோம். அது சுமார் 300 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பாதி வழி. "பாதி நாள் பயணத்துக்கு லாட்ஜா?" என்று இவர் முதலில் முனகினார். முதல் பயணத்தை நினைவுபடுத்தினேன், அடங்கிவிட்டார். ஒரே நாளில்தான் போயாக வேண்டும் என்றால் பத்து மணி நேரம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அது லாபம்.

கார் சீட்

இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 3 வயதுக்குட்பட்ட குழந்தையை அதற்கான சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று 2015-லிருந்து இங்கே சட்டமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், லாரிகளுக்கு நடுவே 120-இல் போகும் காரில் மடி என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. பழைய சீட் வாங்கினால் விபத்தில் அடிபடாதது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சீட்டின் உயர, எடை வரம்புக்குள் இருக்கும்வரை பின்பக்கம் பார்த்தபடியே உட்காரவைப்பதுதான் நல்லது.

எங்களைப் போன்ற டர்பன்வாசிகள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நமக்குக் குளிர் பழக்கமில்லை. மேலே குளிருமே என்று குழந்தைக்கு மெத்தை மாதிரி ஜாக்கெட் போட்டு, அதன் மேல் பெல்ட்டை மாட்டிவிடுகிறோம். இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள், உள்ளே கையே நுழையும். மோதினால் அந்த இடைவெளியில்தான் குழந்தை நழுவும். மெல்லிய உடையோடு பெல்ட்டை மாட்டி, தோள் பக்கம் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள முடியாத அளவு இறுகியபின் மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

சாப்பாடு

வழிச் சாப்பாட்டை இங்கே பாட்கோஸ் என்பார்கள், ஆப்ரிகான்ஸ் வார்த்தை. நம் கட்டுச்சோறுதான். பக்கத்து வீட்டு ஆயா நாங்கள் கிளம்பும் செய்தி காதில் விழுந்தாலே ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிக் கொடுத்தனுப்புவார். பெரியவர்களுக்கு அமிர்தம். குழந்தைக்குக் காரில் அதைக் கொடுத்தால் மஞ்சள் கறை சீட்டிலிருந்து போகவே போகாது, அனுபவம்.

எங்கள் பையனுக்கு நான் கட்டுவது: எண்ணெயும் பொடியும் தடவிய குட்டி இட்லி, சர்க்கரை தூவிச் சுருட்டிய சப்பாத்தி, வாழைப்பழம், உப்பில்லாத பிஸ்கட். தயிர் சாதம் ஐஸ் பெட்டியில் இருக்கும், நிறுத்தும் இடத்தில் மட்டும்தான் கொடுப்பேன். வாந்திக்குப் பயந்து கிளம்புமுன் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், அரை இட்லி போதும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். வேர்க்கடலை, பாப்கார்ன், பில்டாங் (உலர்த்திய இறைச்சி) மூன்றும் ஓடும் காரில் வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கினால் வண்டியை ஓரங்கட்டவே ஒரு நிமிஷம் ஆகும்.

குளிர்காலம் என்றால் நார்ச்சி (நம் கமலா ஆரஞ்சு மாதிரி) வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் பை பையாக விற்பார்கள். தோல் சுலபமாக உரியும், கை பிசுபிசுக்காது, சுளை சுளையாகக் கொடுத்தால் ஒரு பழத்தில் பதினைந்து நிமிஷம் ஓடும். விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். நார்ச்சி என்ற பெயரே நம் நாரத்தையிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பழத்தின் மேல் ஒரு சொந்தம்.

மேட்டில் ஏறும்போது

கடல் மட்டத்தில் கிளம்பி 1,700 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். காற்றழுத்தம் குறையக் குறைய, மூடிய சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பும். அதேபோலத்தான் குழந்தையின் காதும் அடைக்கும். அதற்குச் சொல்லத் தெரியாது, காதைப் பிடித்துக்கொண்டு அழும். மரிட்ஸ்பர்க் தாண்டி ஹில்டன் ஏற்றத்தில் ஒருமுறை, வான் ரீனன் கணவாயில் ஒருமுறை, விழித்திருந்தால் தண்ணீர் உறிஞ்சக் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது விட்டுவிடும். ஆனால் உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலைக் குழந்தை கையில் கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை மூடியைத் தளர்த்துங்கள். எங்கள் பாட்டில் வான் ரீனனில் நீரூற்று மாதிரி பீய்ச்சிக் கூரையை நனைத்தது. பையன் "இன்னொரு தடவை" என்றான்.

நிறுத்தங்கள்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சீட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டும், தூங்கினால் மட்டும் கொஞ்சம் தள்ளலாம். மரிட்ஸ்பர்க்கில் நாங்கள் நிற்பதில்லை. "காந்தியையே இங்கே இறக்கிவிட்டார்கள், 1893-இல்" என்று இவர் ஒவ்வொரு தடவையும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தாண்டிவிடுவோம். முதல் நிறுத்தம் ஹோவிக் பக்கத்தில், 1962-இல் மண்டேலா கைதான இடம். 50 எஃகுத் தூண்கள் நிற்கும், குறிப்பிட்ட தூரத்திலிருந்து பார்த்தால் அவை மண்டேலாவின் முகமாகச் சேரும். முகமெல்லாம் பையனுக்குப் பொருட்டில்லை. அதற்குப் போகும் நீளமான நடைபாதையில் கார் பயம் இல்லாமல் ஓடலாம், அதுதான் எனக்கு வேண்டியது. ஹோவிக் அருவி 95 மீட்டர், அழகுதான். ஆனால் விளிம்பில் நின்று பார்க்கும் இடத்தில் இரண்டு வயதுக்காரனின் கையை விடாமல் பிடித்திருப்பது ஓய்வு ஆகாது. நான் அதைத் தவிர்க்கிறேன்.

அதற்கப்புறம் மூயி ரிவர் அல்லது எஸ்ட்கோர்ட் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க், பிறகு ஹாரிஸ்மித். மறுநாள் வில்லியர்ஸில் ஒன்று. நெடுஞ்சாலைப் பங்குகளில் பெரும்பாலும் சுத்தமான கழிப்பறையும், பலவற்றில் குழந்தைகள் விளையாடச் சின்ன இடமும் இருக்கும். டயப்பர் மாற்றவோ மூத்திரம் போகவைக்கவோ சாலையோர மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். லாரி போகிற காற்றிலேயே கார் ஆடும். குழந்தைக்கான ஒரு சின்னக் கழிப்பறைச் சட்டியை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், பங்க் வந்ததும் டிக்கி கதவுக்குக் கீழேயே காரியம் முடிந்துவிடும்.

மரியன்ஹில், மூயி ரிவர், துகேலா, வில்கே, டி ஹூக் என்று ஐந்து சுங்கச்சாவடிகள். கார்டையும் கொஞ்சம் பணத்தையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், பின்சீட்டுப் பையில் அல்ல. ஊருக்குள் ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) நிற்கும்போது போனும் கைப்பையும் வெளியே தெரியக் கூடாது, கண்ணாடியும் ஏற்றியிருக்க வேண்டும். கார்ட்டூனுக்காகக் குழந்தை கையில் டேப்லெட் இருந்தால் அதற்கும் இதே விதிதான்.

போகக் கூடாத நாட்கள் உண்டு. டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி ஜோபர்க்கே கடற்கரைக்கு இறங்கும். ஈஸ்டருக்கு அப்படித்தான். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா வேறு, நம் சனங்களும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வியாழன் கீழ்நோக்கியும் திங்கள் மேல்நோக்கியும் நெரிசல். நாம் எதிர்த்திசையில் போகிறோம் என்றால் பரவாயில்லை. டர்பனுக்கும் மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சாலையை அகலப்படுத்தும் வேலை வேறு நடந்துவருவதால், கிளம்பும் காலையில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். என்3 உதவி எண் 0800 63 43 57, அவசரத்துக்குச் செல்போனில் 112. இரண்டையும் போனில் மட்டுமில்லாமல் ஒரு தாளிலும் எழுதிக் கார் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி என்3-ஐ மூடினார்கள். செப்டம்பர் என்றால் வசந்தம் வந்துவிட்டது என்று நினைக்கும் மாதம். நிறையப் பேர் காருக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். அதைச் செய்தியில் பார்த்ததிலிருந்து, வெயில் அடிக்கிற நாளாக இருந்தாலும் எங்கள் காரில் ஒரு தனிப் பை ஏறும். ஒரு ராத்திரிக்கு வேண்டிய டயப்பர், பால் பவுடர், ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு கம்பளி, டார்ச், காய்ச்சல் மருந்து. அப்புறம், எனக்கு ஒரு மாற்றுப் புடவை. சரி, நைட்டிதான். மேட்டில் ஏறுமுன் பெட்ரோல் டாங்க் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இவருடைய விதி. ஹாரிஸ்மித்தில் ஜூன், ஜூலை இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

விளையாட்டுச் சாமான் நிறைய வேண்டாம். ஐந்து போதும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அப்புறம் ஒன்றுதான் வெளியே வரும். டர்பன் வெயிலில் கிரேயான் உருகும். எங்களுக்கு அதிக நேரம் கைகொடுப்பது மாடு எண்ணுவது. ஃப்ரீ ஸ்டேட் சமவெளியில் பார்க்க வேறு ஒன்றும் இல்லை, மாடு இருக்கிறது. பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கற்ற ஜூலுவில் "இன்கோமோ!" என்று கத்துவான், நான் "மாடு" என்பேன், "இல்லை, இன்கோமோ" என்று திருத்துவான். இதிலேயே வார்டன் ஊர் வந்துவிடும்.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். இறக்கத்தில் காது மறுபடி அடைக்கும், மறுபடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஜோபர்க்கில் குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிப் பின்சீட்டில் போட்டு வையுங்கள். மரிட்ஸ்பர்க் இறக்கத்தில் அது தானாகவே நசுங்கிச் சத்தம் போடும். யார் மிதித்தது என்று எங்கள் பையன் டர்பன் வரை தேடுவான்.