பிள்ளையின் எடை: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

அளக்கும்போதே முதல் சறுக்கல். 8 வயதுப் பையன், உயரம் 128 செ.மீ., எடை 33 கிலோ. கைப்பேசிச் செயலியில் போட்டால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 20 என்று வரும். 23க்குக் கீழே இருப்பதால் ஆரோக்கியமான எடை என்று சொல்லிவிடும். அது பெரியவர்களுக்கான அளவுகோல். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதுப் பையன்களின் நடுமதிப்பு 15.7, 17.4ஐத் தாண்டினால் அதிக எடை, 19.7ஐத் தாண்டினால் உடற்பருமன். வயது, ஆண் பெண் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

உடனே இரவுச் சாப்பாட்டை நிறுத்துபவர்கள் உண்டு. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை கூடாமல் பார்த்துக்கொண்டாலே போதும். அதே பையன் ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்து 33 கிலோவிலேயே நின்றால் பிஎம்ஐ 18.4க்கு இறங்கிவிடும். பட்டினி போட்டால் டியூஷன் முடிந்து வரும் வழியில் கறிபஃப் வாங்கித் தின்பான், அவ்வளவுதான்.

பின்கழுத்து கறுத்து, தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருக்கிறதா? அழுக்கு என்று கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதபோது வரும் அடையாளம் அது, அக்குளிலும் தெரியும். ஒரே பிஎம்ஐயிலும் இந்திய வம்சாவளியினருக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் நம் வீடுகளில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். இதற்கு நேர்மாறாக, எல்லாப் பழியையும் தைராய்டு மீது போடுவதும் நடக்கிறது. ஹார்மோன் கோளாறு என்றால் பொதுவாக உயர வளர்ச்சி மந்தமாகும். வயதுக்கு மீறிய உயரத்தோடு குண்டாக இருக்கும் பிள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் அதுவல்ல.

பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்துத் திருத்த நினைப்பதுதான் ஆகப் பெரிய தவறு. சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் குண்டான மாணவர்களைத் தனியே ஓடவிட்டது. அந்தப் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள் என்ற குறை கடைசிவரை தீரவில்லை. 2007இல் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் லெனார்ட் எப்ஸ்டீன் 1990இல் வெளியிட்ட 10 ஆண்டுத் தொடர் ஆய்விலும், பெற்றோரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கே பலன் நிலைத்தது. அவனுக்குச் சப்பாத்தி, அண்ணனுக்குப் பொரித்த கோழி என்று இரண்டு சமையல் வேண்டாம். தாத்தா, பாட்டி, பணிப்பெண் எல்லாருக்கும் ஒரே விதி.

பானங்களில்தான் கணக்கு அதிகம் பிசகுகிறது. சிங்கப்பூரில் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் எழுத்து 100 மி.லி.க்கு உரியது, போத்தல் முழுவதற்கும் அல்ல. 'பி' தரத்தில் 5 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம். அப்படியொரு 500 மி.லி. போத்தலைக் காலி செய்தால் 25 கிராம், அதாவது 5 தேக்கரண்டி. ஒரு நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு, சேர்த்த சர்க்கரையும் பழச்சாற்றுச் சர்க்கரையும் மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்று வைத்தால், நாள் முழுவதற்கும் 20 கிராம்தான். எழுத்தைப் பார்ப்பதோடு மில்லிலிட்டரையும் பாருங்கள். வீட்டில் பிழியும் ஆரஞ்சுச் சாற்றுக்கு எழுத்தே கிடையாது. ஒரு குவளைக்கு மூன்று நான்கு பழம் போகும், நார் சக்கையோடு குப்பைக்குப் போகும். பழத்தை உரித்துச் சுளையாகக் கொடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர்.