கூறை வேறு, கூரை வேறு: நோட்டீஸ்களில் தவிர்க்க வேண்டிய எழுத்துப் பிழைகள்

கலியாணக் காலம் தொடங்கினால் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் புடவைக்கடைகள் பனர் கட்டிவிடும், அதில் 'கூரைச் சேலை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. கூரை வீட்டுக்கு மேலே இருப்பது. மணப்பெண் உடுப்பது கூறை. பேச்சில் ர, ற இரண்டையும் பலர் ஒரே மாதிரிச் சொல்கிறோம், அதனால் காதை நம்பி எழுதினால் இப்படித்தான் ஆகும். 'அரை வாடகைக்கு உண்டு' என்று மதிலில் ஒட்டியிருப்பதும் இதே கதைதான். அரை என்றால் பாதி, தங்குவதற்கு விடுவது அறை. சம்மாந்துறையைச் 'சம்மாந்துரை' ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். துறை என்றால் தோணி வந்து அடையும் இடம், துரை என்றால் பெரிய மனிதர். ஊர்ப் பெயரையாவது சரியாக எழுதுவோம்.

ழ, ள குழப்பம் இன்னும் மோசம். மழைக்காலத்தில் நுளம்பு பெருகியதும் 'டெங்கு ஒளிப்பு' என்று நோட்டீஸ் வரும். இல்லாமல் செய்வது ஒழிப்பு. ஒளிப்பு என்றால் மறைத்து வைப்பது, சின்னப் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்களே, அந்த ஒளிப்பு. டெங்கை மறைத்து வைக்கச் சொல்லி ஊருக்கு அறிவித்தால் எப்படி? வாழைச்சேனையையும் ள போட்டு எழுதினால் வாழை போய் வாளை மீன் வந்துவிடும், அங்கே மீன்பிடித் துறைமுகம் இருப்பதால் சிலருக்கு அதுவே சரியென்றுகூடத் தோன்றலாம்.

ண, ன விஷயத்தில் ஒரு பிடி இருக்கிறது. ட-வுக்கு முன்னால் வருவது ண், ற-வுக்கு முன்னால் வருவது ன்: நண்டு, வண்டு, கன்று, தென்றல். டண்ணகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லித் தந்தது இதனால்தான். ஆனால் மனம், மணம் போன்ற சொற்களில் இது உதவாது, பாடமாக்கத்தான் வேண்டும். மணமகன், மணமகள், ஆனால் மனமார்ந்த நன்றி.

மரண அறிவித்தல்களில் இன்னும் கவனம் வேண்டும். இறங்குவது பஸ்ஸிலிருந்து, துயரத்தில் மனம் இளகுவது இரங்கல். 31ஆம் நாள் அழைப்பில் 'நினைவுகூறுகிறோம்' என்று போடுகிறார்கள். கூறுவது சொல்வது, நினைவில் கொள்வது கூர்வது, ஆகவே 'நினைவுகூர்கிறோம்' என்பதே சரி. துக்க வீட்டுக்காரர் அந்த நேரத்தில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வருடக்கணக்கில் சுவரில் வைத்திருப்பார்கள். அச்சடிக்கிறவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சுவரில் என்றுதான் எழுத வேண்டும், 'சுவற்றில்' பிழை. கிணறு, வயிறு, கல்லாறு என்று று-வில் முடிகிறவைதான் கிணற்றில், வயிற்றில், கல்லாற்றில் என்று மாறும். சுவர் அப்படி முடியவில்லையே.

அப்புறம், தனியார் வகுப்பு நோட்டீஸ்களில் 'பயிற்ச்சி', 'முயற்ச்சி'. ற்-க்குப் பின்னால் ச் இரட்டிக்காது: பயிற்சி, முயற்சி. வளர்ச்சியில் வருகிறதே என்று கேட்டால், அங்கே இருப்பது ர்.

அச்சகத்துக்குப் போனில் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள், அடித்து வந்ததை வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். போனில் தட்டும்போதும் முதலில் வரும் சொல்லை அப்படியே அமுக்கிவிட வேண்டாம். மனமும் மணமும் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழாது.