இ5க்கு ஓடிவந்த காலாளை எப்படிப் பிடிப்பது?

வன்னியில் செஸ் பழகும் பிள்ளைகள் கறுப்புக் காயில் ஆடும்போது, எதிராளி நடுக் காலாளை இ5க்குத் தள்ளினால் உடனே ஒதுங்கிப்போவதைப் பார்க்கிறேன். பயப்படத் தேவையில்லை. முன்னுக்குப் போன காலாள் ஒருநாளும் பின்னுக்கு வராது. அதைக் காப்பாற்ற மற்றக் காய்கள்தான் மறியலில் நிற்க வேண்டும்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெள்ளையின் இடது கைப் பக்கத்திலிருந்து வரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். எண்கள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. மந்திரி என்பது குறுக்காகப் போகும் காய்.

முதல் படி: பிரெஞ்சுத் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டம். வெள்ளை இ4, நாங்கள் இ6. வெள்ளை டி4, நாங்கள் டி5. இப்போது வெள்ளை இ5.

இரண்டாம் படி: எதை அடிப்பது என்று முடிவெடுங்கள். இ5 காலாளைத் தாங்குவது டி4 காலாள். குளம் நிரம்பும் காலத்தில் இரணைமடுப் பக்கத்து விவசாயி கட்டின் அடியில் கசிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். நாங்களும் அடியைத்தான் பார்க்கிறோம். இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கும் காலாள் சங்கிலியை அடியில் தாக்கு என்று வலியுறுத்தியவர் செஸ் மேதை நிம்சோவிச். வெள்ளைக் காயில் இதே இ5ஐ விரும்பி ஆடியவரும் அவரே.

மூன்றாம் படி: காலாளை சி5க்குத் தள்ளுங்கள். வெள்ளை சி3 வைத்துத் தாங்கும். குதிரையை சி6க்கு எடுங்கள். வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வரும். ராணியை பி6க்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து அது டி4க்கும் பி2 காலாளுக்கும் சேர்த்துக் கண் வைக்கிறது. அதனால் வெள்ளையின் கறுப்புக் கட்ட மந்திரி டி4ஐக் காக்க இ3க்கு வந்தால் பி2 அநாதையாகிவிடும்.

நான்காம் படிதான் முக்கியம்: எண்ணுங்கள். வெள்ளை மந்திரியை இ2க்கு எடுத்தது என்று வைப்போம். சி5 காலாளால் டி4ஐ வெட்டுங்கள், வெள்ளை சி3 காலாளால் திருப்பி வெட்டும். இப்போது டி4ஐத் தாக்குவது சி6 குதிரையும் ராணியும், இரண்டு. காப்பது எஃப்3 குதிரையும் வெள்ளை ராணியும், அதுவும் இரண்டு. சரிக்குச் சரி. மற்றக் குதிரையை ஜி8இலிருந்து இ7, அங்கிருந்து எஃப்5 என்று கொண்டுவந்தால் நாங்கள் மூன்று. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் இப்படி விரல் விட்டு எண்ணுங்கள். வலயமட்டப் போட்டியில் நேரம் குறைவாக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

கவனம்! வெள்ளை மந்திரியை இ2க்குப் பதிலாக டி3இல் வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. டி4இல் காலாள்கள் வெட்டுப்பட்டதும், மந்திரி ராணியின் வழியை மறைக்கிறது, காலாள் சும்மா நிற்கிறது என்று தோன்றும். குதிரையால் வெட்டினால் வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டும், எங்கள் ராணி டி4இல் போய் நிற்கும். அப்போது வெள்ளை மந்திரி பி5க்குத் தாவி ராசாவுக்குச் செக் வைக்கும். டி வரிசை திறந்துவிட்டது, டி1இல் நிற்கும் வெள்ளை ராணிக்கு எங்கள் ராணி போய்விட்டது. தவிர்க்க வழி சுலபம்: குதிரையால் வெட்டுவதற்கு முன் எங்கள் மந்திரியை டி7இல் வையுங்கள். பிறகு அந்தச் செக் கிடையாது, டி4 உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும்.

வெள்ளை டி4ஐயும் விட்டுக்கொடுத்து ராசாவைக் கோட்டைக்குள் வைத்தால் (காஸ்லிங்), காலாளை எடுங்கள். ஆனால் ராணி டி4இல் இருக்கும்போது வெள்ளைக் குதிரை சி3க்கு வந்தால் இ5 காலாளுக்கும் ஆசைப்பட வேண்டாம். அதை எடுத்தால் வெள்ளையின் கோட்டை, அதாவது நேராகப் போகும் காய், இ1க்கு வந்து ராணியை விரட்டும், எங்கள் ராசாவோ இன்னும் நடுவில். ஏ6 ஆடி அந்தக் குதிரை பி5க்கு வருவதை முதலில் தடுங்கள்.

வெள்ளை இடையில் டி4 காலாளால் சி5ஐ வெட்டினால் இன்னும் நல்லது. எங்கள் எஃப்8 மந்திரி சி5ஐத் திருப்பி வெட்டிக்கொண்டே வெளியே வரும். இ5 காலாளுக்கு முட்டுக்கொடுத்த காலாள் இல்லாமல் போகும்.

காய்களெல்லாம் வெளியே வந்து, ராசாவும் பாதுகாப்பான பிறகு எஃப்6 தள்ளி இ5ஐயே நேராகக் கேளுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே தள்ளினால் வெள்ளை ராணி எச்5இல் வந்து செக் வைக்கும்.