லினக்ஸில் லீப் நொடி: 37 வரும் வரை விடாதீர்கள்

நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தை வேலூர்ப் பக்கத்தில் மொட்டை மாடியிலிருந்து குறிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலா நொடிக்கு ஏறக்குறைய 1 கி.மீ. ஓடுகிறது. கணினிக் கடிகாரம் ஒரு நொடி பிசகினாலே அந்தக் குறிப்பு வீண். லினக்ஸும் டெர்மினலும் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் நாலு கடிகாரங்கள். டிஏஐ அணுக் கடிகாரங்களின் நேரம், நிற்காமல் ஓடும். ஜிபிஎஸ் நேரம் அதைவிட எப்போதும் 19 நொடி பின்னால். யூடி1 பூமி உண்மையில் சுழலும் கணக்கு. யூடிசி, அதாவது உலகின் பொது நேரம், அணு நொடியில் ஓடினாலும், பூமியைவிட்டு 0.9 நொடிக்கு மேல் விலகாமலிருக்க அவ்வப்போது ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும், அதுதான் லீப் நொடி. 1972 முதல் 27 முறை சேர்த்தாயிற்று. இப்போது டிஏஐ யூடிசியைவிட 37 நொடி முன்னால், ஜிபிஎஸ் 18 நொடி முன்னால்.

கடைசி லீப் நொடி நமக்கு வந்தது 2017 ஜனவரி 1 காலை 5:29:60-க்கு. யூனிக்ஸ் கணக்கில் ஒரு நாளுக்கு 86,400 நொடிதான். அதனால் 5:29:60, 5:30:00 இரண்டுக்கும் ஒரே எண்: 1483228800. 2012-இல் இதே மாதிரி ஒரு நொடி சேர்ந்தபோது லினக்ஸ் கெர்னலில் இருந்த பிழையால் உலகெங்கும் பல சர்வர்கள் திணறின.

படி 1: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோனி. இணையத்தில் நேர சர்வர்களைக் கேட்டுக் கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் நிரல் இது. பல லினக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கும் டைம்சின்க்டி ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் கேட்கும். குரோனி பல சர்வர்களை ஒப்பிட்டு, பொய் சொல்வதை ஒதுக்கிவிடும். இந்த வேலைக்கு எனக்கு குரோனிதான்.

படி 2: குரோனி டாட் கான்ஃப் கோப்பில் சர்வர்களைக் கொடுங்கள். இந்திய நேரத்தைப் பேணும் டெல்லி என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வரையும் சேர்க்கலாம். கூகுள் சர்வரை மட்டும் மற்றவற்றோடு கலக்காதீர்கள். அது லீப் நொடியை 24 மணி நேரத்துக்குப் பரப்பிவிடும். நடுவில் யூடிசியிலிருந்து அரை நொடி வரை விலகி நிற்கும்.

படி 3: இங்கேதான் நான் வெகுநேரம் மாட்டிக்கொண்டு நின்றேன். பைத்தானில் டைம் மாட்யூலின் கிளாக்_கெட்டைம் வழியாக கிளாக்_டிஏஐ, கிளாக்_ரியல்டைம் (இது யூடிசி) இரண்டையும் வாங்கிக் கழித்துப் பாருங்கள். 37 வர வேண்டும். பல கணினிகளில் 0 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. நேரமும் பார்க்கச் சரியாகவே இருக்கும். காரணம், அந்த 37 கெர்னலுக்குத் தானாகத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். கான்ஃப் கோப்பில் 'லீப்செக்டிசட் ரைட்/யூடிசி' என்ற வரி இருந்தால் குரோனி சொல்லிவிடும். சேர்த்து, குரோனியை ரீஸ்டார்ட் செய்து, நேரம் ஒத்திசைந்ததும் மறுபடி கழித்துப் பாருங்கள்.

படி 4: எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க ரியல்டைமைத் தொடவே வேண்டாம், அது பின்னால் குதிக்கக்கூடியது. பின்னால் போகாத கிளாக்_மோனோடானிக் போதும்.

ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அந்த மாதிரிக் கருவியைத் திருப்ப யூடி1 வேண்டும், ஏனென்றால் ஒரு நொடியில் வானம் 15 ஆர்க் நொடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் நொடி) நகர்ந்துவிடும். 2035-க்குள் 0.9 நொடி வரம்பைப் பெரிதாக்க 2022-இல் பாரிஸ் பக்கம் கூடிய எடைகள், அளவுகள் பொது மாநாடு முடிவெடுத்தது. சர்வர் பார்ப்பவர்களுக்கு நிம்மதி. வானம் பார்ப்பவர்கள் யூடி1 வித்தியாசத்தை அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டியே ஆக வேண்டும். இது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன்: வித்தியாசம் தேவைப்படும் சிலர் கூட்டிக்கொள்ளட்டும், எல்லாக் கணினியும் தடுமாற வேண்டாம்.

பின்சேர்க்கை 1: படி 3-இல் சொன்ன 'ரைட்/யூடிசி' இருக்க வேண்டிய ரைட் கோப்புறையே இல்லை என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சில புதிய டிஸ்ட்ரோக்களில் அப்படித்தான். குரோனி 4.6 முதல் 'லீப்செக்லிஸ்ட்' என்ற வரியில் லீப் நொடிப் பட்டியல் கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும்.

பின்சேர்க்கை 2: யூஎஸ்பி ஜிபிஎஸ் செருகியதும் நேரம் 2 நொடி முன்னால் காட்டுகிறது என்றார் இன்னொருவர். பழைய ரிசீவரின் உள்ளே ஜிபிஎஸ், யூடிசி வித்தியாசம் 16 என்று பதிந்திருக்கும். இப்போதைய 18-ஐ செயற்கைக்கோள் அனுப்பும் சுற்று முடிய 12.5 நிமிடம் ஆகும். திறந்த வானத்தில் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டுக் குறிப்பெடுங்கள்.