ஏர்போர்ட் பக்கத்தில் மாடி கட்டுகிறீர்களா? உயரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கட்டடம் கட்டுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். அனுமதித்த உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்.

இந்திய விமான நிலைய ஆணையம் தரும் தடையில்லாச் சான்றில், அதாவது என்ஓசியில், 'அனுமதிக்கப்பட்ட உச்ச மட்டம்' என்று மீட்டரில் ஓர் எண் இருக்கும். அது தரையிலிருந்து அளக்கும் உயரம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து அளப்பது. உங்கள் மனையின் தரை மட்டத்தை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் கட்டக்கூடிய உயரம்.

கோவையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பீளமேடு விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 404 மீட்டரில் இருக்கிறது. பெரிய ஓடுபாதைகளுக்கு, சுற்றிலும் 4 கிலோமீட்டர் வரை, நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை உண்டு என்று விதி வைத்திருக்கிறார்கள். கோவைக்கு அது ஏறத்தாழ 449. உங்கள் மனை 410 மீட்டரில் இருந்தால் 39 மீட்டர் கிடைக்கும். மேடான இடம், ஒரு பேச்சுக்கு 425 மீட்டர் என்றால் 24தான். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குப் பதின்மூன்று மாடி, இன்னொருவருக்கு எட்டு. விதி ஒன்றுதான், தரைதான் வேறு.

449 என்ற எண்ணைப் பார்த்ததும் கோவைக்காரர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். சென்னையில்தான் ஆபத்து அதிகம். மீனம்பாக்கம் சுமார் 16 மீட்டரில்தான் இருக்கிறது, ஆக அந்தக் கூரை ஏறத்தாழ 61. கட்டட உயரம் போலவே தோன்றும் எண் அது. மனை 12 மீட்டரில் இருந்தால் 49தான் கட்ட முடியும். இதைக் கவனிக்காமல் பிளான் போட்டால் நான்கு மாடி கூடுதலாகப் போய்விடும். அந்த நான்கு மாடியையும் யாராவது கடன் வாங்கி வாங்கியிருப்பார்கள்.

அடுத்த தவறு, மொட்டை மாடித் தளத்தையே உச்சி என்று நினைப்பது. ஹெட்ரூம் (மாடிப்படி மொட்டை மாடியில் முடியும் இடத்து அறை), லிஃப்ட் மெஷின் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, ஆன்டெனா எதுவும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று என்ஓசியிலேயே எழுதியிருக்கும். தளத்துக்கு மேல் ஹெட்ரூம், அதற்கு மேல் தொட்டி, அதற்கு மேல் இடிதாங்கி என்று போனால் ஐந்தாறு மீட்டர் சுலபமாகப் போய்விடும். ஸ்டில்ட் பார்க்கிங்குக்காக, அதாவது கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மேல் கட்டடத்தைத் தூக்குவதும், மழைத் தண்ணீருக்குப் பயந்து மண் கொட்டி மனையை மேடாக்குவதும் இதே கணக்கில்தான் சேரும். முதலில் உச்சியைக் குறித்துவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கி மாடிகளை எண்ணச் சொல்லுங்கள் உங்கள் இன்ஜினியரிடம்.

"எதிர்த் தெருவில் ஏழு மாடி நிற்கிறதே, எனக்கு மட்டும் ஏன் கூடாது?" இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கூரை எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இல்லை என்பதுதான் பதில். விமானம் இறங்கி வரும் பக்கத்தில் அது சாய்வாக வருகிறது. ஓடுபாதை முனைக்கு 60 மீட்டர் தள்ளித் தொடங்கி, முதல் 3 கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு 50 மீட்டருக்கும் 1 மீட்டர்தான் உயரும். முனையிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி, விமானப் பாதைக்கு நேர் கீழே இருப்பவருக்கு ஓடுபாதை முனை மட்டத்துக்கு மேல் சுமார் 19 மீட்டர்தான். பக்கவாட்டிலோ 7 மீட்டருக்கு 1 மீட்டர் வேகமாக ஏறுகிறது. அதனால் இரண்டு தெரு தள்ளினாலே எண் மாறிவிடும். பக்கத்துக் கட்டடம் விதியை மீறியதாகவும் இருக்கலாம். அதைப் பார்த்து உங்கள் வீட்டுக்கு அளவெடுக்காதீர்கள்.

இந்தச் சாய்வில் யாரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மிச்சம் உள்ளதை வைத்து மேலே ஏற வேண்டிய விமானம் அது. மழையில் தரை தெரியாமல் கருவிகளை நம்பி இறங்கும் விமானமும் அதுதான். உள்ளே இருப்பது நம் வீட்டு மனிதர்கள்.

விண்ணப்பம் ஆணையத்தின் நோகாஸ் இணையதளத்தில் போகும். அங்கே தர வேண்டிய அட்சரேகை, தீர்க்கரேகை, தரை மட்டம் மூன்றையும் செல்போனில் பார்த்து எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் கொடுத்த அளவை ஆணையம் சரிபார்ப்பதில்லை, அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பின்னால் அளவு தப்பு என்று தெரிந்தால் என்ஓசி செல்லாது என்பது சான்றிலேயே உள்ள நிபந்தனை. நல்ல சர்வேயரை வைத்து மனையின் எல்லா மூலைகளையும் அளப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மாடியை இடிக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஆணையம் வெளியிட்ட வண்ண வரைபடங்களைப் பார்த்துவிட்டு, நிறம் சிவப்பு இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று முடிவு செய்வதும் தப்பு. வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் உச்ச மட்டம் போட்டிருக்கும். அதற்குள் அடங்கினால் உள்ளாட்சியே அனுமதி தரலாம், தாண்டினால் என்ஓசி வேண்டும். சிவப்புப் பகுதியில் எவ்வளவு குட்டையான கட்டடத்துக்கும் என்ஓசி கட்டாயம். அப்புறம், விமானப்படைத் தளங்களுக்குத் தனி அனுமதி உண்டு. மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், அல்லது பீளமேட்டுக்கும் சூலூருக்கும் நடுவில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் விசாரித்துக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும்போது நிற்கும் டவர் கிரேனையும் தற்காலிகம்தானே என்று விட்டுவிடக் கூடாது, விமானத்துக்கு அதுவும் தடைதான். மரங்களுக்கும் இதே விதி உண்டு. ஓடுபாதைக்கு நேர் எதிரே தென்னை வைப்பதற்கு முன் யோசியுங்கள்.

மீறினால் என்ன ஆகும்? விதிகளின்படி அதிகப்படியான பகுதியை இடிக்க உத்தரவு வரலாம். 2022-இல் மும்பை விமான நிலையத்தைச் சுற்றியிருந்த 48 கட்டடங்களில் வரம்பு மீறிய பகுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இடிபடுவது எப்போதும் மேல் மாடிதான், அங்கே குடியிருப்பது பில்டர் இல்லை.

ஆகவே ஃபிளாட் வாங்குபவர்கள், முக்கியமாக மேல் மாடியில் வாங்குபவர்கள், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) போன்ற அமைப்பின் கட்டட அனுமதியோடு நிறுத்திக்கொள்ளாமல் என்ஓசி நகலையும் கேளுங்கள். அதில் உள்ள மனை விவரம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். 2015 விதிகளின் கீழ் கட்டடங்களுக்கான சான்று 8 ஆண்டுகள் செல்லும், நீட்டிக்க வேண்டுமானால் அது முடிவதற்குள்ளேயே கேட்க வேண்டும். குடிவந்த பிறகு சங்கம் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க ஒப்பந்தம் போட்டால், அந்த டவரின் உச்சிக்கும் அதே எண்தான் எல்லை.